தளத்தில் ஒரு ஜோடி இருக்கும்வரை

டோல்பர்ட், டெக்சாஸ்
22 ஆகஸ்ட் 1983

திருமதி ஆர்லீன் டாக்கெட் அவர்களுக்கு,

உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே முதலில் நன்றி.

கிளெல் எப்படி இருக்கிறான்? ஜூன் மாதம் எங்கள் நடனக் கூடத்து வாசலில் அவன் சரிந்து விழுந்த மறுநாள், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மருத்துவமனைக்கு வந்து அவனை அபிலீனுக்கு அழைத்துப் போனீர்கள். நானும் அந்த நடையில்தான் நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. தம்பி அந்த நிலையில் கிடக்கும்போது, பீர் விற்கிற பொம்பளையிடம் நலம் விசாரிக்க யாருக்குத் தோன்றும்?

அவன் தொலைபேசிக்கு வருவதில்லை. கூப்பிட்டால் நீங்கள் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அவனுடைய ஸ்டீல் கிட்டார் மேடையில் அவன் இடத்திலேயே இருக்கிறது. மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருக்கிறேன். லப்பக்கிலிருந்து ஒரு பையன் வந்து "நான் வாசிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டான். நல்ல பையன்தான். இல்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் ஃபிடிலும் கிட்டாரும் டிரம்மும் மட்டும்தான் இப்போது. ஆடுகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், ஆனால் ஆடுகிறார்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். எங்கள் கூடம், இந்த மெஸ்கீட் ஹால், நடுரோட்டில் வருகிறது. வாசலில் நிற்கிற கருவேல மரங்களும்தான். அக்டோபர் 15, சனிக்கிழமை மாலை கடைசி ஆட்டம். பருத்தி எடுக்கிற நேரமாக இருந்தாலும் சுற்றுவட்டாரம் முழுக்க வரும். இந்தக் கூடத்தில் ஆடிப் பழகிக் கல்யாணம் கட்டிக்கொண்டவர்களே பாதிப் பேர். அவர்களுக்கு வாசித்தவன் கிளெல்.

அன்று அவனைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா? வாசிக்க வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

டப்பாவில் பீகன் கொட்டை அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக் கொல்லை மரத்தில் காய்த்தது. கூடத்துப் பணத்தில் வாங்கியதல்ல, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

லவேடா புரூயிட்


அபிலீன்
29 ஆகஸ்ட் 1983

திருமதி புரூயிட் அவர்களுக்கு,

கொட்டை வந்து சேர்ந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், உங்கள் டப்பாவில் சோள ரொட்டிக்கான மாவு கலந்து அனுப்புகிறேன். நாம் ஒருவருக்கொருவர் கடன்படவில்லை.

என் தம்பியின் வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. "ஆமாமா" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பசிக்கிறதா என்றாலும் ஆமாமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமாமா. நான்தான் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். இதோடு அவன் இடது காலுக்கு ஒரு வலிப்பு வருகிறது. உட்கார்ந்தால் முழங்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிக்கிறது, பாதம் தரையை மிதிக்கிறது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசைப் பலகையில் முழங்கால் தட்டி எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் மெத்தென்ற துண்டால் முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவைக்கிறேன். இத்தனை வருஷம் உங்கள் புகையிலும் சத்தத்திலும் கிடந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது இதுதான்.

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. கர்த்தர் கொடுத்த தொண்டையால் மட்டுமே பாடுகிறோம். கிளெல் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். இப்போது அவன் தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான். அங்கே அனுப்பமாட்டேன்.

காரணம் கேட்பீர்கள். உங்களுக்கே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன், நவம்பரில், எங்கள் அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கூடத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்தது நீங்கள். "கிளெல்லை உடனே அனுப்புங்க, அம்மா அவன் பேரையே சொல்லிட்டிருக்காங்க" என்று கத்தினேன், பின்னால் பாட்டுச் சத்தம் அப்படி. "சொல்றேம்மா" என்றீர்கள். அப்போது அம்மா உங்கள் ஊர் மருத்துவமனையில்தான் இருந்தாள், கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். அவன் ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு வந்தான். அம்மாவின் முகத்தை மூடியிருந்தோம்.

தளத்தில் ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தால்கூட உங்கள் கூடத்தில் பாட்டை நிறுத்தமாட்டார்களாம், அப்படி ஒரு சட்டமாம். பிற்பாடு கேள்விப்பட்டேன். யாரோ நாலு பேர் ஆடி முடிக்க வேண்டும் என்பதற்காக அவனிடம் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள்.

உங்களை மன்னிக்கிற மனம் வேண்டித் தினமும் ஜெபிக்கிறேன். இன்னும் வரவில்லை.

ஆர்லீன் டாக்கெட்


டோல்பர்ட்
4 செப்டம்பர் 1983

ஆர்லீன் அக்கா,

கிளெல் உங்களை அப்படித்தான் சொல்வான், எனக்கும் வேறு மாதிரி எழுத வரவில்லை.

அந்தத் துண்டை அவிழ்த்துவிடுங்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே போய் அவிழ்த்துவிடுங்கள்.

அது வலிப்பு இல்லை அக்கா. நீங்கள் அவன் வாசித்து ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் தெரியாது. ஸ்டீல் கிட்டார் மடியில் வைத்துக்கொள்கிற சாமான் இல்லை. நாலு கால் வைத்த மேசை மாதிரி நிற்கும். தந்திகள் மேலே. இடது கையில் கனமான இரும்பு உருளையைப் பிடித்துத் தந்தி மேல் வழுக்குவார்கள், வலது கை மீட்டும். அடியில் பெடல்கள். இடது பாதம் மிதித்தால் சுரம் மேலே ஏறும், விட்டால் இறங்கும். முழங்காலின் இரண்டு பக்கமும் தகடுகள் தொங்கும். இந்தப் பக்கம் இடித்தால் ஒரு வளைவு, அந்தப் பக்கம் இடித்தால் இன்னொரு வளைவு. அந்த அழுகைச் சத்தம் முழுக்க முழங்காலிலிருந்துதான் வருகிறது. நான் கல்லாவில் நின்று இருபது வருஷமாகப் பார்த்த கால் அது.

அவன் வாசித்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

கோபப்படாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஃபிடில்காரர் ஹாலிஸிடம் அந்த ஸ்டீலைக் கொடுத்தனுப்புகிறேன். அனுமதி கேட்டால் இல்லை என்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

உங்கள் அம்மா இறந்த அன்றைய நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்படி ஒரு சட்டம் எங்களிடம் உண்டு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வைத்தது. வாரம் முழுக்க வெயிலில் செத்துவிட்டு வருகிறவர்கள், தரையில் சோளமாவைத் தூவி வழுவழுப்பாக்கி, பெண்டாட்டி தோளில் கைபோட்டு வால்ட்ஸ் பாட்டுக்கு ஒரு சுற்று வருவார்கள். நடுவில் நிறுத்தக்கூடாது. சண்டை வந்தாலும், கரண்ட் போனாலும்கூட. அது உண்மை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

மாவுக்கு நன்றி. ரொட்டி நன்றாக எழும்பியது.

லவேடா


அபிலீன்
13 செப்டம்பர் 1983

திருமதி புரூயிட் அவர்களுக்கு,

உங்கள் ஹாலிஸ் சனிக்கிழமை மதியம் வந்தார்.

"எங்க எறக்கட்டும்மா?" என்றார்.

"எறக்கவே வேணாம். வந்த வழியே கொண்டு போங்க."

"நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன். திருப்பி ஏத்தச் சொன்னா என் இடுப்பு உங்களைத்தான் சபிக்கும். சாபம் வேணுமா, சாமான் வேணுமா? நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் வெல்டன் சிரித்துவிட்டார், அதனால் காரியம் கெட்டது. கார் கொட்டகையில், தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வந்தவரைப் பட்டினியாக அனுப்ப முடியாது என்பதால் சோறு போட்டேன். கிளெல் அவரைப் பார்த்ததும் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஹாலிஸ் அவனுக்கு அவரையை மசித்து ஊட்டினார். "என்னடா, ராஜா மாதிரி ஒக்காந்து சாப்பிடுற. மேடையில மட்டும் என்னைத்தான் மைக் தூக்கச் சொல்வே" என்று திட்டிக்கொண்டே ஊட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். அம்மா இறந்த நாளைச் சொல்லி, நீங்கள் அவனிடம் செய்தியை மறைத்ததைச் சொன்னேன். ஹாலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரும்மா சொன்னா அப்படி? லவேடா அப்பவே மேடைக்கு ஓடி வந்து அவன் காதுல சொன்னாளே. நான் பக்கத்துலதானே நின்னேன்."

சொல்லிவிட்டு கிளெல்லைப் பார்த்தார். பிறகு முள்கரண்டியை எடுத்து அவரையை மசிக்க ஆரம்பித்தார். கிளெல் "ஆமாமா" என்றான்.

துண்டை அவிழ்த்துவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். நேற்று முன்தினம் ஆராதனையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் அவன் காலையே பார்த்தேன். பாட்டில் சபையின் குரல் மேலே ஏறப்போகிற இடத்தில், யாரும் ஏறும் முன்பே அவன் பாதம் இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் பாதம் எழுகிறது. ஒருதரம்கூடத் தப்பவில்லை. என் தாத்தா காலத்திலிருந்து ஒரு வாத்தியம் நுழையாத ஆலயத்தில் என் தம்பி வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இது பாவமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹாலிஸ் சொன்னது உண்மையா? எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

ஆர்லீன் டாக்கெட்


டோல்பர்ட்
18 செப்டம்பர் 1983

ஆர்லீன் அக்கா,

ஹாலிஸின் வாயைத் தைக்க ஊசி தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

ஃபோனை வைத்ததும் ஓடினேன். தளம் நிறைய ஆட்கள், குறுக்கே ஓடியதில் இரண்டு பேர் மேல் இடித்தேன். அவன் காதில் சொன்னேன். "கிளெல், அம்மாவுக்கு முடியல. உன் பேரைச் சொல்றாங்களாம். கெளம்பு." தலையை ஆட்டினான். பாட்டு முடிந்தது. எழுந்திருப்பான் என்று கதவருகே அவன் கோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நின்றேன். அவன் ஹாலிஸைப் பார்த்து, "இன்னொரு வால்ட்ஸ்" என்றான்.

மறுபடி போனேன். கோட்டை அவன் தோளில் போட்டேன். "ஆளுங்க ஆடிட்டிருக்காங்க லவேடா" என்றான்.

"சட்டத்தை வச்சதே எங்க வீடு. நான் சொல்றேன், நிறுத்து. எந்திரி" என்றேன்.

அவன் தந்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்திரிச்சா நெசமாயிடும்" என்றான்.

அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகு வாசித்துக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. யாரும் தளத்தைவிட்டு இறங்கவும் இல்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? தோளிலிருந்து கோட்டு கீழே விழுந்து கிடந்தது. நானும் எடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அடக்கத்தன்று நீங்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, பழி என் மேல் என்று. அவனுக்கு இருந்தது நீங்கள் ஒருத்திதான். எனக்கு நீங்கள் யாரோ. என்னை வெறுத்தால் உங்களுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை.

இதற்காக அவனைத் தண்டித்துவிடாதீர்கள். பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

லவேடா


அபிலீன்
3 அக்டோபர் 1983

அன்புள்ள லவேடா,

உங்கள் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் கிளெல்லோடு பேசவில்லை. குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், துணி மாற்றினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் இல்லாதவனோடு பேசாமலிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது தெரியவில்லை.

ஐந்தாவது நாள் அவன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டேன். "லவேடா உங்கிட்ட சொன்னாளா?" ஆமாமா. "சொல்லலியா?" ஆமாமா. "தெரிஞ்சும் வரலியா நீ?" ஆமாமா என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. கண் நிறைந்துவிட்டது. இடது கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டான்.

வெல்டனைக் கூப்பிட்டு ஸ்டீலை உள்ளே கொண்டுவரச் சொன்னேன்.

கரண்ட் கொடுக்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியும் வயரும் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றேன். அவன் முன்னால் நிறுத்தி, இரும்பு உருளையை இடது கையில் வைத்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது. பாதம் தானாகப் பெடலைத் தேடிப் போனது. முழங்கால் தகடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது, ஒரு துண்டும் தேவைப்படவில்லை. எல்லாம் தயார். மீட்ட வேண்டிய வலது கை மட்டும் மடியில் செத்த கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தது.

அதைப் பார்த்தான். பிறகு என் வலது கையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். "ஆமாமா" என்றான்.

ஒரு தந்தியை விரலால் தட்டினேன். அவன் மிதித்தான். சத்தம் ஏறியது. கரண்ட் இல்லாததால் கொசு முனகுகிற அளவுதான். காதைத் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். லவேடா, அந்தச் சின்னச் சத்தம் அழுதது.

எங்கள் சபையின் சகோதரர் யான்சியிடம் ஒளிக்கக்கூடாது என்று அவரை வீட்டுக்கு வரவழைத்தேன். போதகர் நிறைய யோசித்தார். "வீட்டுல பொழுதுபோக்கா வாசிச்சா தப்பில்ல சகோதரி. ஆனா கீர்த்தனைய மட்டும் அதுல வாசிக்காதீங்க. அது ஆராதனை ஆயிடும்."

என் தொல்லையைப் பாருங்கள். எனக்குக் கீர்த்தனையைத் தவிர வேறு பாட்டே தெரியாது. கூடாதது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் உங்கள் கூடத்துப் பாட்டைத்தான் அவன் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. தப்பான தந்தியைத் தொட்டால் உருளையால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு. சரியாக வந்தால் ஆமாமா. ஒரு வால்ட்ஸ் முழுதாக வந்துவிட்டது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறேன், வெல்டன் கேலி செய்கிறார்.

15ஆம் தேதி கூட்டிக்கொண்டு வருகிறோம். நான் ஆடமாட்டேன். குடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன். இருட்டியதும் கிளம்பிவிடுவோம், மறுநாள் ஆராதனை.

ஆர்லீன்


டோல்பர்ட்
7 அக்டோபர் 1983

அக்கா,

கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஹாலிஸ் மூக்கைச் சிந்திவிட்டு, தூசி என்றார். அவர் பக்கத்தில் தூசியே இல்லை.

சக்கர நாற்காலி ஏற மேடைக்குப் பலகை அடித்தாயிற்று. உங்கள் மேசை ஜன்னலோரம், எலுமிச்சை ஜூஸ் மட்டும். உங்களைச் சுற்றி மூன்று மேசைக்குக் கிழவர்களாகப் போட்டிருக்கிறேன், எல்லோருக்கும் சர்க்கரை, குடிக்கமாட்டார்கள்.

கடைசி வால்ட்ஸ் உங்கள் இரண்டு பேருக்கும்தான். முடியாது என்று எழுதாதீர்கள், அப்படிக் கடிதம் வந்தால் தரக்கூடாது என்று தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கரண்ட் கொடுக்கலாமா? இந்தக் கூடம் கடைசியாக அதைக் கேட்கட்டும் அக்கா.

அந்த வால்ட்ஸுக்குப் பெயர் கிடையாது. அவன் சொந்தமாகக் கட்டியது. அன்று உங்கள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பாமல், கோட்டும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தபோது முதன்முதலாக வாசித்தது.

லவேடா


அபிலீன்
13 அக்டோபர் 1983

அன்புள்ள லவேடா,

ஃபோனில் செய்தியை மட்டும் சொன்னேன், மற்றதற்கு வாய் வரவில்லை. நாளை அவன் அடக்கத்துக்கு நீயும் ஹாலிஸும் வரும்போது இதை உன் கையில் கொடுப்பேன். கல்லறையில் படிக்காதே. வண்டியில் திரும்பும்போது படி.

நாளை வாத்தியம் இருக்காது. ஹாலிஸ் ஃபிடிலை வண்டியிலேயே வைத்துவிடட்டும், அவருக்குத் தொண்டை இருக்கிறது. நீங்கள் எல்லோரும் எங்களோடு நின்று பாடுங்கள். வார்த்தை தெரியாவிட்டால் முனகினால் போதும்.

சனிக்கிழமை நான் வருகிறேன். ஸ்டீலை நானே கொண்டுவருகிறேன். லப்பக்கிலிருந்து வந்த அந்தப் பையனை வரச் சொல். அவன் உட்காரட்டும், கரண்ட் கொடு. நான் ஜன்னலோரம் இருப்பேன்.

இனி செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் உட்கார்ந்தோம். வெல்டன் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தார். உன் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. அது அம்மாவின் வால்ட்ஸ் என்று எனக்குத் தெரியும் என்பதைக் கிளெல்லிடம் சொன்னேன். ஆமாமா என்றான். ஆரம்பித்தோம். சனிக்கிழமைக்காக என்று அவனுக்குத் தலைவாரிப் பார்த்திருந்தேன், முடி நெற்றியில் படிந்து சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

முதல் சுற்று நன்றாக வந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில், மேலே ஏறுகிற ஒரு இடம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். நான் தந்தியை மீட்டினேன். சத்தம் ஏறியது, பிறகு மெதுவாக இறங்கியது. இறங்குகிற இடம் அது இல்லை. புதிதாக ஏதோ சேர்க்கிறான் என்று நினைத்தேன். அடுத்த தந்தியை மீட்டினேன். அதுவும் ஏற வேண்டியது. ஏறவில்லை. இரும்பு உருளை தந்திகள் மேல் உருண்டு போய் ஓரத்தில் நின்றது.

தந்திக்குக் குனிந்திருந்த தலையை நான் நிமிர்த்தவில்லை, லவேடா. அவன் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. பெடலிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. வெளியே புல் வெட்டும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வெல்டன் வந்துவிடுவார். நாற்காலியைவிட்டு எழுந்து இரண்டு எட்டு வைத்தால் ஃபோன்.

வால்ட்ஸில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏறாமல், இறங்காமல், வெறும் தந்தியாகவே அதைக் கடைசிவரை மீட்டி முடித்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

உன்
ஆர்லீன்